‘இல்லை’ என்பதைக் கெர்னல் எப்போது சொல்ல வேண்டும்? சிறிய இயந்திரங்களுக்கான நினைவகத் தெரிவுகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் நினைவக அமைப்புகளை மாற்றப் புறப்படுகிறவர்கள் பலர் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள். கெர்னலைக் கட்டும் முன் தெரிவுகளைக் குறிக்கும் மெனுகொன்ஃபிக்கைத் திறந்து, கெர்னலின் சொந்தச் சிறு பொருள்களுக்கு நினைவகம் தரும் ஸ்லாப் ஒதுக்கியில் எதைத் தெரிவு செய்வது என்று மணிக்கணக்கில் யோசிக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இன்று விடை ஒன்றுதான். நினைவகம் தீரும் வேளையில் இயந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முடிவு செய்பவை வேறு இரண்டு. ஒன்று, கையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் கெர்னல் வாக்குக் கொடுக்கலாமா என்கிற ஓவர்கமிட் கொள்கை. மற்றது, ராமிலிருந்து வெளியே தள்ளப்படுபவை தங்கும் இடமான சுவாப்பை எங்கே வைக்கிறோம் என்பது. இரண்டையும் மாற்றக் கெர்னலைக் கொம்பைல் செய்யத் தேவையில்லை.

ஒப்பீடு தரையில் நிற்பதற்காகத் திருகோணமலையில் எங்கும் காணக்கூடிய மூன்று வகை இயந்திரங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, உவர்மலையில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் 4 ஜிபி ராம் மேசைக்கணினி: உலாவி, லிபரொபிஸ், பைத்தன். இரண்டாவது, நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் 8 ஜிபி சிறு சேர்வர்: முன்பதிவும் கணக்கும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில். மூன்றாவது, மீனவர் சங்கமொன்றில் தராசு நிறைகளைப் பதியும் 1 ஜிபி ராஸ்பெரி பை 3, எஸ்டி அட்டையோடு.

அமைப்புகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறோம். அடிக்கும்போது சிஸ்சிடிஎல் பெயர்கள் (ஓடும் கெர்னலில் மாற்றுபவை) சிறிய எழுத்திலும் கொன்ஃபிக் பெயர்கள் (கெர்னலைக் கட்டும்போது தெரிவு செய்பவை) பெரிய எழுத்திலும், சொற்களுக்கிடையே அடிக்கோட்டோடும் வரும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடலோரத்தில் உப்புக்காற்று ராம் தகட்டின் தொடுமுனைகளை மங்கச் செய்கிறது. பிழையான ராம், ஒதுக்கீட்டுக் கோளாறு போலவே வேடம் போடும்: நிரல்கள் காரணமின்றி விழும், கெர்னல் பதிவில் ‘பாட் பேஜ் ஸ்டேற்’ என்று வரும். எந்த அமைப்பையும் தொடும் முன் தகட்டைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் முனைகளைத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் பொருத்தி, மெம்டெஸ்ற்86பிளஸ்ஸை இரண்டு முழுச் சுற்றாவது ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் கீழே உள்ள எதுவும் உதவாது. தகட்டைத்தான் மாற்ற வேண்டும்.

ஓவர்கமிட்: 0, 1, 2

ஒரு நிரல் 500 எம்பி கேட்டால், கெர்னல் 500 எம்பியை எடுத்து ஒதுக்கிவைப்பதில்லை. முகவரிப் பரப்பை மட்டும் எழுதிக் கொடுக்கிறது. நிரல் ஒரு பக்கத்தில் முதன்முதலாக எழுதும்போதுதான் 4 கேபி அளவுள்ள உண்மையான பக்கம் கிடைக்கிறது. கடலுக்குப் புறப்படும் பலநாள் கலங்கள் ஐஸ் ஆலையில் முன்கூட்டிச் சொல்லிவைப்பதைப் போன்றது இது. சொன்னதையெல்லாம் எல்லாக் கலங்களும் ஏற்றுவதில்லை என்று தெரிந்த ஆலைக்காரர், இருப்பைவிடக் கூடுதலாகவே ‘சரி’ சொல்வார். எல்லாக் கலங்களும் ஒரே விடியற்காலையில் வந்து நின்றால்தான் சிக்கல்.

கெர்னலுக்கு அந்த விடியற்காலை மிகவும் கடினமானது. நினைவகத்தைக் கேட்கும்போது ‘இல்லை’ என்று சொல்ல வழி உண்டு. நிரல் பிழைக்குறியீட்டைப் பெற்றுத் தன்னைச் சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே கொடுத்த பக்கத்தைத் தொடும்போது அப்படிச் சொல்ல வழியே இல்லை. அது ஒரு சாதாரண எழுதும் கட்டளை. பதில் சொல்லும் இடம் அதில் கிடையாது. ஆகவே கெர்னல் யாரையாவது கொன்று இடம் எடுக்கிறது. ஓஓஎம் (‘அவுட் ஒஃப் மெமரி’, நினைவகம் தீர்ந்தது) கில்லர் என்பது இதுதான். கேட்கும்போதே மறுப்பதா, பிறகு ஒருவரைக் கொல்வதா என்பதே விஎம்.ஓவர்கமிட்_மெமரி என்ற எண்ணின் முழுப் பொருள்.

0 என்பது இயல்புநிலை. ஒரே கோரிக்கை மொத்த ராமையும் சுவாப்பையும் சேர்த்ததைவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே இன்றைய கெர்னல்கள் மறுக்கும். சிறிது சிறிதாக நூறு முறை கேட்டால் எல்லாமே கிடைக்கும். 1 என்பது எதையும் மறுக்காத நிலை. தரவை ராமிலேயே வைத்திருக்கும் ரெடிஸ் என்ற தரவுத்தளம் இதைப் பரிந்துரைக்கிறது. தரவைச் சேமிக்க அது தன்னை ஃபோர்க் செய்து பிரதி எடுக்கிறது. பிரதி பெரும்பாலும் மூலத்தின் பக்கங்களையே பகிர்வதால் உண்மைச் செலவு குறைவு, ஆனால் கணக்கில் இருமடங்காகத் தெரியும். 2 என்பது கண்டிப்பான கணக்கு. எல்லா வாக்குறுதிகளின் கூட்டுத்தொகை ஓர் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது.

அந்த உச்சவரம்பு:

ராம் × ஓவர்கமிட்_ரேஷியோ ÷ 100 + சுவாப்

(பெரிய பக்கங்களுக்கென்று தனியே ஒதுக்கியதை ராமிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.) ரேஷியோவின் இயல்பு மதிப்பு 50. பலரை வீழ்த்துவது இந்த 50தான். சுவாப் இல்லாத 4 ஜிபி இயந்திரத்தில் 2ஐ எழுதினால் உச்சவரம்பு 2 ஜிபி. உலாவியைத் திறந்தவுடன் அது தீர்ந்துவிடும். ராமில் பாதி வெறுமையாக இருக்க, ஷெல் ‘ஃபோர்க்: நினைவகம் ஒதுக்க முடியவில்லை’ என்று சொல்லும். ஃப்ரீ கட்டளை இடம் இருப்பதாகக் காட்டும், நிரல்கள் இல்லை என்று விழும். காரணம் தெரியாதவர் கெர்னலில் பூச்சி என்று முடிவுகட்டுவார். /புரொக்/மெம்இன்ஃபோவில் கமிட்லிமிற், கமிட்டட்_ஏஎஸ் என்ற இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும். இரண்டாவது முதலாவதை நெருங்கியிருந்தால் அதுவே காரணம்.

2ஆம் நிலையில் நிரலின் இழைகளுக்கும் (த்ரெட்) கணக்கு உண்டு. ஒவ்வோர் இழையின் அடுக்குக்கும் (ஸ்டாக்) வழக்கமாக 8 எம்பி வாக்குறுதி. 200 இழைகள் ஓடும் சேர்வர், அவற்றில் மிகச் சிலவற்றையே தொட்டாலும், 1600 எம்பியைப் பிடித்துக்கொள்ளும். நிரலின் இழை எண்ணிக்கையையோ யூலிமிற்றில் அடுக்கு அளவையோ குறைக்காமல் இந்த நிலைக்கு வருவது வம்பு.

இனி முடிவு. விடுதி சேர்வருக்கு 2. போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆவணமும் இதையே சொல்கிறது, காரணமும் உறுதியானது. தரவுத்தளத்தின் ஒரு கிளைச்செயல் கேட்கும்போதே மறுக்கப்பட்டால், அந்த ஒரு வினவல் மட்டும் பிழையோடு முடியும். ஓஓஎம் கில்லர் அதே கிளைச்செயலைக் கொன்றால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று தாய்ச்செயல் எல்லா இணைப்புகளையும் துண்டித்து மீட்புக்குப் போகும். வரவேற்பு மேசையில் நிற்கும் விருந்தினருக்கு இரண்டும் ஒன்றல்ல.

செய்முறை இதுதான். கிழக்குக் கரையில் பயணிகள் அதிகம் வருகிற ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் ஒரு வாரம், ஐந்து நிமிடத்துக்கொருமுறை கமிட்டட்_ஏஎஸ்ஸைப் பதிந்து உச்ச மதிப்பை எடுங்கள். மழைக்காலத்தில் அளந்தால் சேர்வர் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த எண் ஏமாற்றும். உச்சத்தைவிடக் காற்பங்கு கூடுதலாக உச்சவரம்பு இருக்கட்டும். 8 ஜிபி ராம், வன்தட்டில் 4 ஜிபி சுவாப், ரேஷியோ 80 என்றால் 6.4 + 4 = 10.4 ஜிபி. /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் ஒரு கோப்பில் மூன்று வரி எழுதுங்கள்: ஓவர்கமிட்_மெமரி 2, ஓவர்கமிட்_ரேஷியோ 80, அட்மின்_ரிசேர்வ்_கேபைற்ஸ் 131072. மூன்றாவது, ரூட் பயனருக்கென்று 128 எம்பியை விட்டுவைக்கிறது. இயல்பில் அது அதிகபட்சம் 8 எம்பிதான். இந்த நிலையில் உள்ளே நுழைந்து சரிசெய்ய அது போதாது.

கோப்பைச் செயற்படுத்தும் முன் ஒரு ரூட் ஷெல்லைத் திறந்தே வைத்திருங்கள். கமிட்டட்_ஏஎஸ் ஏற்கெனவே வரம்பைத் தாண்டியிருந்தால் புதிய எஸ்எஸ்எச் இணைப்புக்கூடக் கிடைக்காது. அப்போது திறந்திருக்கும் ஷெல்லில் எக்கோ மூலம் /புரொக்/சிஸ்/விஎம்/ஓவர்கமிட்_மெமரியில் 0 எழுதலாம். எக்கோ ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை, ஃபோர்க் தேவையில்லை. சிஸ்சிடிஎல் கட்டளையை அந்த நேரத்தில் நம்ப முடியாது, அது தனிச் செயலாக எழ வேண்டும்.

அதே சேர்வரில் ரெடிஸையும் ஓடவிட நினைத்தால் நில்லுங்கள். ஒன்று 1ஐக் கேட்கிறது, மற்றது 2ஐ. இந்த எண் இயந்திரம் முழுவதற்கும் ஒன்றே. நிரலுக்கு நிரல் பிரித்துக் கொடுக்க முடியாது. ரெடிஸைத் தனி மெய்நிகர் இயந்திரத்தில் வைப்பதே சுத்தமான வழி.

மேசைக்கணினிக்கும் பைக்கும் 0 போதும். அங்கே மாணவர் திறந்த இருபது தாவல்களில் ஒன்று இறப்பது பெரிய இழப்பல்ல. ஆனால் 0 நிலையில் வேறொரு தொல்லை உண்டு: ஓஓஎம் கில்லர் மிகத் தாமதமாக வருகிறது. அதற்குள் கெர்னல் நிரல்களின் சொந்தக் குறிமுறைப் பக்கங்களையே வெளியே தள்ளி, மறுபடி வன்தட்டிலிருந்து படித்து, மறுபடி தள்ளிக்கொண்டிருக்கும். திரை உறையும், வன்தட்டு விளக்கு மட்டும் எரியும், பிள்ளைகள் பவர் பொத்தானை அழுத்துவார்கள். கெர்னல் 6.1 அல்லது அதற்குப் பிந்தையது, எந்தப் பக்கம் அண்மையில் பயன்பட்டது என்று கணக்கு வைக்கும் எல்ஆர்யூ_ஜென் சேர்த்துக் கட்டப்பட்டது என்றால் /சிஸ்/கெர்னல்/எம்எம்/எல்ஆர்யூ_ஜென் அடைவில் எனேபிள்ட் கோப்பில் ‘ஒய்’ என்றும், மின்_டிடிஎல்_எம்எஸ் கோப்பில் 1000 என்றும் எழுதுங்கள். கடைசி ஒரு விநாடியில் பயன்பட்ட பக்கங்களை வெளியே தள்ளுவது நின்றுவிடும். வைத்திருக்க இடமில்லையென்றால் ஓஓஎம் கில்லர் உடனே வரும். பழைய கெர்னலில் ஏர்லிஓஓஎம் என்ற சிறு நிரல் அதே வேலையைச் செய்கிறது: கிடைக்கக்கூடிய நினைவகமும் வெற்றுச் சுவாப்பும் இரண்டுமே 10%க்குக் கீழே போனால் பெரிய நிரலொன்றை முடித்துவைக்கும். மறுதொடக்கத்தில் மறையாமலிருக்க எல்ஆர்யூ_ஜென் மதிப்புகளை சிஸ்டம்டி டெம்ப்ஃபைல்ஸ் கோப்பில் எழுத வேண்டும். இவை சிஸ்சிடிஎல் பெயர்கள் அல்ல.

சுவாப்: வெறும் வட்டா, இசட்ராமா, இசட்சுவாப்பா

பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் இசட்ராம், இசட்சுவாப் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். இசட்ராம் என்பது ராமுக்குள்ளேயே ஒரு சுருக்கப்பட்ட போலி வட்டு. வெளியே தள்ளப்படும் பக்கம் சுருங்கி ராமிலேயே உட்காரும். பின்னால் உண்மையான வட்டு எதுவும் வேண்டாம். இசட்சுவாப் என்பது உண்மையான சுவாப்புக்கு முன்னால் நிற்கும் சுருக்கப்பட்ட இடைத்தாங்கல். அது நிரம்பினால் பழைய பக்கங்களை எடுத்து வட்டில் எழுதும். அதன் எல்லை இயல்பில் ராமின் 20%.

பைக்கு இசட்ராம், வேறு யோசனையே வேண்டாம். எஸ்டி அட்டையில் சுவாப் வைத்தால் எழுதி எழுதி அட்டை தேயும். மழைக்கால மின்வெட்டின்போது எழுதும் நடுவில் மின்சாரம் போனால் கோப்புமுறைமைக்கும் ஆபத்து. டெபியன் வழிவந்த முறைமையில் இசட்ராம்-டூல்ஸ் பொதியை நிறுவி, /ஈடிசி/டிஃபோல்ற்/இசட்ராம்சுவாப் கோப்பில் அல்கோ என்பதை இசட்எஸ்டிடி, பேர்சென்ற் என்பதை 50 என்று வையுங்கள். (சில புதிய பதிப்புகளில் இசட்ராம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். சுவாப்ஒன் ஷோ கட்டளையால் முதலில் பாருங்கள், இரண்டு தடவை வைக்காதீர்கள்.) கையால் அமைப்பதானால் சுருக்கமுறையை முதலில், அளவைப் பிறகு எழுத வேண்டும். வரிசை மாறினால் ‘பிஸி’ என்று மறுக்கும். மறுபடி ரீசெற் செய்தே தொடங்க வேண்டும்.

விஎம்.பேஜ்-கிளஸ்ரர் இயல்பில் 3, அதாவது ஒரு பக்கம் கேட்டால் எட்டுப் பக்கங்களைச் சேர்த்துப் படிக்கும். சுழலும் வட்டுக்கு அது இலாபம், ராமில் வீண் உழைப்பு. இசட்ராமுக்கு 0. சுவாப்பை எவ்வளவு தாராளமாக நாடுவது என்று சொல்லும் சுவாப்பினெஸ், கெர்னல் 5.8இலிருந்து 200 வரை போகலாம். இசட்ராமில் 100க்கு மேல் வைப்பது நியாயம், ஏனெனில் சுவாப்பிலிருந்து மீட்பது அட்டையிலிருந்து கோப்பைப் படிப்பதைவிட மலிவு. 150இலிருந்து தொடங்குங்கள்.

மேசைக்கணினியில் போட்டி உண்மையானது. எஸ்எஸ்டி இருந்தால் இசட்சுவாப் மேல் என்பதே எங்கள் கருத்து. இசட்ராமை முன்னுரிமையோடும் வட்டுச் சுவாப்பைப் பின்னாலும் வைத்தால், முதலில் தள்ளப்பட்ட, யாரும் திரும்பத் தேடாத பக்கங்கள் ராமுக்குள் குடியிருந்துவிடும். பிறகு வரும் சூடான பக்கங்கள் மெதுவான வட்டுக்குப் போகும். சரியாகத் தலைகீழ். இசட்சுவாப் பழையதை வட்டுக்கு அனுப்பிப் புதியதை ராமில் வைத்திருக்கிறது. இன்னொரு காரணம் மின்சாரம்: யூபிஎஸ் பற்றரி தீருமுன் இயந்திரம் ஹைபர்னேற் ஆக (ராமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு அணைய) வேண்டுமானால் வட்டில் சுவாப் இருந்தே ஆக வேண்டும், ராமில் உள்ள இசட்ராம் மின்சாரத்தோடு போய்விடும். தொடக்கக் கட்டளைவரியில் இசட்சுவாப்.எனேபிள்ட்=1, இசட்சுவாப்.கொம்ப்ரசர்=இசட்எஸ்டிடி சேர்த்தால் போதும். பழைய வழிகாட்டிகள் சொல்லும் இசட்பட், இசட்3ஃபோல்ட் இரண்டும் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன, தேட வேண்டாம். மெதுவான பழைய வன்தட்டு மட்டும் இருக்கிற கணினிக்கு இசட்ராமே தேவலை.

இரண்டையும் ஒருசேர ஓடவிடாதீர்கள். இசட்சுவாப் முன்னால் நின்று பக்கங்களைப் பிடித்துக்கொள்ளும், இசட்ராம் பட்டினி கிடக்கும். இசட்ராம் வைக்கும் இயந்திரத்தில் இசட்சுவாப்.எனேபிள்ட்=0.

விடுதி சேர்வருக்கு வட்டில் வெறும் சுவாப், சுவாப்பினெஸ் 10. அங்கே இசட்ராம் வேண்டாம் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. மேலே கண்ட உச்சவரம்புச் சூத்திரம் இசட்ராமின் அளவையும் ‘சுவாப்’ என்றே கூட்டிக்கொள்கிறது. 4 ஜிபி இயந்திரத்தில் 4 ஜிபி இசட்ராமும் ரேஷியோ 90உம் வைத்தால் உச்சவரம்பு 7.6 ஜிபி என்று காட்டும். ஆனால் அந்த 4 ஜிபி அதே ராமுக்குள்தான் இருக்கிறது. தரவு சுருங்க மறுத்தால் வாக்குறுதி காற்றில். 2ஆம் நிலையைத் தேர்ந்த நோக்கமே அங்கே சிதைந்துபோகும். இசட்சுவாப்புக்கு இந்தக் குறை இல்லை. வட்டின் அளவு மட்டுமே கணக்கில் வரும்.

ஸ்லாப் ஒதுக்கி

கெர்னல் தன் சொந்தச் சிறு பொருள்களுக்கு நினைவகம் எடுக்கும் பகுதி இது. ஜெஃப் பொன்விக் சன்ஓஎஸ் 5.4இற்காக வடிவமைத்து 1994இல் வெளியிட்ட எண்ணமே இதன் வேர். லினக்ஸில் நெடுங்காலம் மூன்று தெரிவுகள் இருந்தன: ஸ்லாப், ஸ்லப், ஸ்லொப். கிறிஸ்தோஃப் லாமீற்றரின் ஸ்லப் 2007இல் 2.6.22இல் சேர்ந்து அடுத்த பதிப்பிலேயே இயல்பானது. ஸ்லொப் 2023இல் 6.4இலும், பழைய ஸ்லாப் 2024இல் 6.8இலும் நீக்கப்பட்டன. மிஞ்சியிருப்பது ஸ்லப் மட்டும். பழைய ஒப்பீடுகளைப் படித்து ‘ஸ்லாப்பா ஸ்லப்பா’ என்று இனியும் யோசிக்க வேண்டியதில்லை.

ஸ்லப்_டைனி என்றொரு தெரிவு 6.2இலிருந்து இருக்கிறது. ‘டைனி’ என்ற சொல்லைப் பார்த்து 1 ஜிபி பைக்கு இதைப் போடுகிறார்கள். 16 எம்பிக்கு மேல் ராம் உள்ள இயந்திரத்துக்கு வேண்டாம் என்று அதன் உதவிக்குறிப்பே சொல்கிறது. நமது மூன்று இயந்திரங்களிலும் ‘என்’.

பாதுகாப்புத் தெரிவுகளில் ஃப்ரீலிஸ்ற்_ராண்டம், ஃப்ரீலிஸ்ற்_ஹார்டன்ட் இரண்டும் மூன்றிலும் ‘ஒய்’. இனிற்_ஒன்_அலொக் ஒதுக்கும்போதே பக்கத்தைச் சுழியாக்குகிறது. பெரும்பாலான வேலைகளில் செலவு 1%க்கும் குறைவு, செயற்கைச் சோதனைகளில் 7% வரை. இது இருக்கட்டும். இனிற்_ஒன்_ஃப்ரீ விடுவிக்கும்போது சுழியாக்குவது. 3 முதல் 5% வரை. பையில் அது வேண்டாம், விடுதி சேர்வரில் வாடிக்கையாளர் விபரங்கள் இருப்பதால் யோசிக்கலாம். இவை இரண்டையும் தொடக்கக் கட்டளைவரியிலேயே 1 அல்லது 0 என்று மாற்றலாம். இப்போது என்ன இருக்கிறது என்று அறிய /பூட் அடைவிலுள்ள கொன்ஃபிக் கோப்பில் கிரெப் செய்யுங்கள். பையில் கொன்ஃபிக்ஸ் என்ற கெர்னல் மொடியூலை ஏற்றி /புரொக்/கொன்ஃபிக்.ஜிஇசட்டைப் படிக்கலாம்.

பெரிய பக்கங்களைப் பற்றி ஒரு சொல். ட்ரான்ஸ்பரன்ற்_ஹியூஜ்பேஜ் ‘ஆல்வேஸ்’ என்றிருந்தால், எக்ஸ்86இல் 4 கேபிக்குப் பதில் 2 எம்பிப் பக்கம் கொடுக்கக் கெர்னல் முயலும். சிறிது தொட்ட நிரல்கூட 2 எம்பியைப் பிடித்துக்கொள்வதால் 4 ஜிபி இயந்திரத்தில் அது ஊதாரித்தனம். ‘எம்அட்வைஸ்’ வையுங்கள், கேட்கும் நிரலுக்கு மட்டும் கிடைக்கும். மூன்று இயந்திரங்களுக்கும் இதுவே.

பையில் மட்டும் வரும் சிக்கல் ஒன்று. ராம் இருந்தும் கெர்னல் பதிவில் ‘பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர்’ என்று ஓர்டர் எண்ணோடு வரி வந்தால், இடம் இல்லாமலில்லை, தொடர்ச்சியான இடம் இல்லை. ஓர்டர் 4 என்றால் அடுத்தடுத்து 16 பக்கங்கள், 64 கேபி. /புரொக்/படிஇன்ஃபோவில் வலப்பக்க எண்கள் சுழியாக இருக்கும். மின்_ஃப்ரீ_கேபைற்ஸ் 16384க்குக் குறைவாக இருந்தால் அந்த அளவுக்கு உயர்த்துங்கள். கூட்டிக்கொண்டே போகக் கூடாது; மிகையாக வைத்தால் கெர்னல் எப்போதும் நெருக்கடியில் இருப்பதாகவே எண்ணி நிரல்களைக் கொல்லத் தொடங்கும். திரை இணைக்காத பையில் கொன்ஃபிக்.டிஎக்ஸ்டியில் ஜிபியூ_மெம்=16 எழுதினால் சில பத்து எம்பி திரும்பக் கிடைக்கும். தொடர்ச்சியான இடம் கேட்கும் சாதனங்களுக்கென்று ஒதுக்கிய சிஎம்ஏ பகுதியின் அளவைக் குறைப்பதில் அத்தனை இலாபமில்லை, வெறுமையாக இருக்கும்போது அந்த இடத்தை இடம்பெயர்க்கக்கூடிய பக்கங்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொள்கின்றன.

மாற்றிய பிறகு ஒரு வாரம் விட்டு மூன்றைப் பாருங்கள். கெர்னல் பதிவில் ‘அவுட் ஒஃப் மெமரி’ வரி எத்தனை, எந்த நிரல் இறந்தது. இசட்ராம்சிடிஎல் கட்டளையில் டேற்றா நெடுவரிசைக்கும் டோட்டல் நெடுவரிசைக்கும் உள்ள விகிதம். 2க்குக் கீழே இருந்தால் தரவு சுருங்கவில்லை, இசட்ராம் அளவைக் குறையுங்கள். மெம்இன்ஃபோவில் எஸ்அன்ரிக்ளெய்ம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் கெர்னல் கூறொன்று நினைவகத்தை விடாமல் பிடித்திருக்கிறது. அதற்கு மேலே சொன்ன எந்தத் தெரிவும் மருந்தல்ல. ஸ்லப்டொப்பில் எந்தப் பொருள் வளர்கிறது என்று பார்த்து, அந்தச் சாதன இயக்கியைக் கழற்றிச் சோதிக்க வேண்டும்.